எதை எண்ண?

புளி ஆய்கிற நாள். முற்றத்தில் சாக்கு விரித்து நானும் பக்கத்து வீட்டு மதினியும் ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். மூன்றே முக்கால் வயதுப் பேத்தி கொட்டையைப் பொறுக்கிச் சொளவில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் உட்காரவைக்க வேண்டும் என்பதற்காக, "எத்தனை இருக்கு, எண்ணிச் சொல்லு பாப்போம்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "எதை எண்ண?"

அப்போதுதான் சொளவைப் பார்த்தேன். கொட்டையெல்லாம் ஒரே குவியலாக இல்லை. வழவழவென்று மின்னுகிறவை ஒரு பக்கம். புளி ஒட்டிப் பிசுபிசுக்கிறவை ஒரு பக்கம். உடைந்து வெள்ளைப் பருப்பு தெரிகிறவை மூன்று, தனியாக ஓர் ஓரத்தில். நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

முப்பத்திரண்டு வருஷம் ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். 'எத்தனை' என்று ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். 'எதை' என்று ஒரு பிள்ளை கூட என்னிடம் திருப்பிக் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி நான் வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் சரி.

பழைய வீட்டுப்பாட நோட்டு ஒன்றில் பின்பக்கம் நிறையத் தாள் மிச்சம் இருந்தது. அதில் எழுத ஆரம்பித்தேன்.

*

எங்கள் காலத்தில் எண் என்பது பாட்டு. ஒன்று முதல் நூறு வரை வகுப்பே இழுத்து இழுத்துச் சொல்லும். வெளியே போகிறவர் காதில் விழுந்தால் பாடம் நடக்கிறது என்று அர்த்தம். பேத்தியும் இருபது வரை சொல்வாள். பதினாறைத் தாண்டிக் குதித்துவிடுவாள், அவ்வளவுதான். ஆனால் "நாலு கரண்டி எடுத்துட்டு வா" என்றால் கைக்கு அகப்பட்டதை அள்ளிக்கொண்டு வருவாள்.

இது எங்கள் வீட்டுக் கோளாறு இல்லை. கேரன் வின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990-ல் எழுதிய கட்டுரையில் இதே காட்சி இருக்கிறது. வரிசையாக எண்ணத் தெரிந்த சின்னப் பிள்ளைகளிடம் இத்தனை பொம்மை கொடு என்று கேட்டால், அவர்களில் பலர் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தார்கள். எண்ணின் பெயர் வாயில் இருக்கிறது. எண் இன்னும் கைக்கு வரவில்லை.

ரோச்சல் கெல்மன், காலிஸ்டெல் இருவரும் 1978-ல் எழுதிய புத்தகத்தில், எண்ணுவதற்குள் ஐந்து விதிகள் இருக்கின்றன என்றார்கள். ஒரு பொருளுக்கு ஒரே ஒரு எண் பெயர். பெயர்கள் எப்போதும் ஒரே வரிசையில். கடைசியாகச் சொன்ன பெயர்தான் மொத்தம். எதை வேண்டுமானாலும் எண்ணலாம். எங்கே தொடங்கினாலும் விடை மாறாது. நான் வகுப்பில் நடத்தியது இரண்டாவது விதியை மட்டும். மற்ற நாலும் பிள்ளைகளுக்குத் தானாக வந்திருக்கும் என்று நம்பிக்கொண்டு ஓய்வும் பெற்றுவிட்டேன்.

அந்த நாலாவது விதியைத்தான் பல நாள் யோசித்தேன். இரண்டு மாடு, மூன்று கோழி, ஒரு வாளி. மொத்தம் எத்தனை? ஆறு. ஆறு என்ன? மாடும் கோழியும் மட்டும் என்றால் 'அஞ்சு உயிர்' எனலாம். வாளியும் சேர்ந்தால் 'ஆறு சாமான்' என்று சொல்லித் தப்பிக்க வேண்டும். எல்லாவற்றையும் போட்டுவைக்க ஒரு பெயர் கிடைத்தால்தான் கூட்டலே நிற்கிறது. ஐந்தாம் வகுப்பில் மூன்று மீட்டரையும் இருபது சென்டிமீட்டரையும் கூட்டி இருபத்து மூன்று என்று எழுதுகிற பிள்ளை எங்கே தவறுகிறது? கூட்டல் அதற்கு நன்றாகவே வரும். எதை எண்ணுகிறோம் என்ற இடத்தில்தான் வழுக்கியிருக்கிறது.

*

தமிழில் பிரிக்காமல் எண்ணவே முடியாது. இதை இத்தனை வருஷம் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

மாடு என்றால் மூணு. ஆள் என்றால் மூணு பேர். கேள்வியே இரண்டாகப் பிரிகிறது: மாட்டுக்கு 'எத்தனை', மனிதருக்கு 'எத்தனை பேர்'. எழுத்துத் தமிழ் இன்னும் ஒரு படி மேலே போய் இருவர், மூவர், நால்வர் என்று எண்ணையே மாற்றிவிடும். வாயைத் திறக்கும் முன்பே எதிரே இருப்பது உயர்திணையா அஃறிணையா என்று முடிவு செய்தாக வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை இலக்கணம் தெரியாமலே இதைச் செய்கிறது.

பேத்தி பாயில் பொம்மைகளைப் படுக்கவைத்துவிட்டு வந்து சொன்னாள்: "நாலு பேரு தூங்குறாங்க." பொம்மை அவளுக்கு உயர்திணை. அவளையோ நாங்கள் 'குழந்தை தூங்குது' என்கிறோம்.

*

சமையலறை வினைச்சொற்களை ஒரு பக்கத்தில் எழுதிவைத்தேன்.

புடைத்தல்: கனமில்லாத உமியும் தூசும் பறந்து போகும், கனமானது சொளவில் நிற்கும். கொழித்தல்: பக்கவாட்டில் அசைக்க அசைக்கக் குருணை ஒரு பக்கம் ஒதுங்கும். சலித்தல்: சல்லடைக் கண்ணைவிடச் சிறியது கீழே, பெரியது மேலே. அரித்தல்: தண்ணீரில் அரிசி மிதந்து நகரும், கல் பாத்திரத்தின் அடியில் தங்கும். பொறுக்குதல்: கண்ணும் விரலும்.

ஐந்தும் பிரிப்பதுதான். ஆனால் ஒவ்வொன்றும் வேறு குணத்தைப் பிடித்துக்கொண்டு பிரிக்கிறது. எடை, உருவம், அளவு, நீரில் நடந்துகொள்ளும் விதம், நிறம். பிள்ளைகளுக்கு 'பிரித்தல்' என்று நாம் கொடுப்பதெல்லாம் நிறம் மட்டும். சிவப்பு ஒரு டப்பா, மஞ்சள் ஒரு டப்பா. கண் ஒன்றுக்கே வேலை. கையில் ஏந்திப் பார்த்துக் கனத்தைச் சொல்லட்டும், குலுக்கிச் சத்தத்தைக் கேட்கட்டும், மோந்து பார்க்கட்டும். சீரகத்தையும் சோம்பையும் பேத்தி கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிட்டாள். எனக்குக் கண்ணாடி வேண்டும்.

*

அஞ்சறைப்பெட்டி என்கிறோம். எங்கள் வீட்டு எவர்சில்வர் பெட்டியில் ஏழு கிண்ணம். பேத்தி எண்ணிவிட்டு "ஆச்சி, பேரு தப்பு" என்றாள். வீட்டில் இதற்கு முன்னால் யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அதே பெட்டியில் வெந்தயக் கிண்ணம் காலி. "வெந்தயம் எத்தனை?" என்று விளையாட்டுக்குக் கேட்டேன். "இல்ல" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா அதுக்கு இடம் இருக்கு" என்றாள். சுழியத்தை இதைவிட நன்றாக நான் கரும்பலகையில் விளக்கியதில்லை.

*

ஸ்விட்சர்லாந்தின் ழான் பியாஜே பிள்ளைகளிடம் கேட்ட கேள்விகளில் மிகவும் பெயர் பெற்றது மரமணிக் கேள்வி. மணிகள் எல்லாமே மரத்தில் செய்தவை. பெரும்பாலானவை பழுப்பு, ஒன்றிரண்டு வெள்ளை. பழுப்பு மணி அதிகமா, மரமணி அதிகமா? ஐந்து வயதுப் பிள்ளை தயங்காமல் பழுப்பு என்று சொல்லும்.

இதைப் படித்தபோது எனக்கு நம்பிக்கையில்லை. பூக்காரம்மாவிடம் உதிரிப்பூ வாங்கி, எட்டு மல்லியும் மூன்று கனகாம்பரமும் எடுத்துத் தட்டில் வைத்தேன். அடுத்த தெருப் பையன், ஐந்து வயது, நல்ல சூட்டிகை. "மல்லி அதிகமா, பூ அதிகமா?" "மல்லி." "மல்லி பூ இல்லையா?" "பூதான்." "கனகாம்பரம்?" "அதும் பூதான்." "அப்போ எது அதிகம்?" "மல்லி." என்னைப் பார்த்த பார்வையில் இந்த ஆச்சிக்கு என்ன ஆயிற்று என்ற கவலை இருந்தது.

பியாஜே சொல்கிற காரணம் இது: மல்லியைத் தனியாக எடுத்து மனதில் வைத்தவுடன், 'பூ' என்ற முழுக்கூட்டம் பிள்ளையின் மனதில் கலைந்துபோகிறது. மிச்சம் இருப்பது கனகாம்பரம் மட்டும். ஆகவே மல்லியை அதோடு ஒப்பிடுகிறது. முழுதையும் அதன் ஒரு பகுதியையும் ஒரே நேரத்தில் பிடித்துவைக்க இன்னும் கை போதவில்லை.

ஆனால் கேள்விக்கும் இதில் பங்கு உண்டு. மெக்காரிகில் என்பவர் இதை மாட்டுப் பொம்மைகளை வைத்துச் சோதித்தார். நாலு மாடு, மூன்று கறுப்பு, ஒன்று வெள்ளை, நாலும் படுத்திருக்கின்றன. 'கறுப்பு மாடு அதிகமா, மாடு அதிகமா?' என்று கேட்டதற்குச் சரியாகச் சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். 'கறுப்பு மாடு அதிகமா, தூங்குகிற மாடு அதிகமா?' என்று கேட்டபோது சரியான விடை ஏறக்குறைய இரட்டிப்பானது. மார்கரெட் டொனால்ட்சன் 1978-ல் எழுதிய புத்தகத்தில் இதை விவரமாகச் சொல்கிறார். முழுக்கூட்டத்துக்கு ஒரு அடையாளம் கொடுத்தால் அது கலையாமல் நிற்கிறது. எல்லன் மார்க்மன் வேறு வழியில் இதையே கண்டார். 'தவளைகள்' என்பதற்குப் பதில் 'தவளைக் குடும்பம்' என்று கேட்டால் பிள்ளைகளுக்கு எளிதாகிவிடுகிறது.

மறுநாள் அதே பையனிடம் பூக்களை நாரில் கட்டிக் காட்டினேன். "மல்லி அதிகமா, மாலை முழுக்க இருக்கற பூ அதிகமா?" சிரித்தான். "மாலைதான்! மல்லி அதுக்குள்ளதான இருக்கு."

அந்த 'அதுக்குள்ள' என்ற சொல்லில்தான் பின்னால் வரப்போகிற கூட்டலும் கழித்தலும் உட்கார்ந்திருக்கின்றன. எட்டும் மூன்றும் பதினொன்று என்றால், பதினொன்றுக்குள் எட்டு இருக்கிறது, எட்டை எடுத்தால் மூன்று மீதி. மூன்று தனித்தனி வாய்ப்பாடாக நான் மனப்பாடம் செய்யவைத்தது உண்மையில் ஒரே மாலை.

*

ஒத்தைச் செருப்பு.

தெருக்கோடி அங்கன்வாடி வாசலில் பிள்ளைகளின் செருப்புகள் ஒரே அள்ளலாகக் கிடக்கும். டீச்சரிடம் ஒரு நாள் கேட்டேன், வீட்டுக்குப் போகும்போது பிள்ளைகளே ஜோடி சேர்க்கட்டுமே என்று. "மணி ஆயிரும் டீச்சர்" என்றார். (ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியும் ஊரில் எனக்கு அதுதான் பெயர்.) இருந்தாலும் ஒரு வெள்ளிக்கிழமை விட்டுப் பார்த்தார்.

கால் மணி நேரம் ஆனது. முதலில் நிறத்தை வைத்துச் சேர்த்தார்கள். நீலமும் நீலமும். போட்டுப் பார்த்தால் ஒன்று பெரிது. பிறகு நிறமும் அளவும். அப்புறமும் சரிவரவில்லை, இரண்டும் இடதுகால். மூன்றாவது குணம் ஒன்று இருக்கிறது என்பதை ஒரு பெண்பிள்ளை கண்டுபிடித்து எல்லாருக்கும் கத்திச் சொன்னாள். கடைசியில் ஒரு செருப்பு தனியாக நின்றது. யாரும் எண்ணவில்லை. எண்ணாமலே ஒன்று குறைகிறது என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. ஒன்றுக்கு ஒன்று என்று பொருத்திக்கொண்டே போனால் எண் தேவையே இல்லை. எண்ணுக்கு முந்திய கணக்கு அது.

ஒற்றைப்படை, இரட்டைப்படை என்ற சொற்களை நினைத்துக்கொண்டேன். உள்ளங்கையில் புளியங்கொட்டையை மூடிவைத்து 'ஒத்தையா ரெட்டையா' கேட்டு விளையாடியவர்கள்தானே நாங்கள்.

தொலைந்த செருப்பு மறுநாள் நாயின் வாயிலிருந்து கிடைத்தது.

*

பிரித்ததை அடுக்கினால் அது படமாகிவிடுகிறது. பாட்டில் மூடிகளைப் பேத்தி நிறவாரியாக வரிசை வைத்தாள். சிவப்பு வரிசை நீளம். "சிவப்புதான் நிறைய." பார்த்தால் சிவப்பு ஆறு, வெள்ளை எட்டு. சிவப்பெல்லாம் ஊறுகாய் ஜாடி மூடி, வெள்ளையெல்லாம் தண்ணீர் பாட்டில் மூடி. நான் திருத்தவில்லை. தரையில் கோடு போட்டுக் கட்டங்கள் வரைந்து, ஒரு கட்டத்துக்கு ஒரு மூடி வை என்று மட்டும் சொன்னேன். வைத்து முடித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தாள். "வெள்ளை எப்ப கூடிச்சு?" என்றாள்.

செய்தித்தாளில் வருகிற கட்டைப் படங்களைப் பார்க்கும்போது, பெரியவர்களிலும் எத்தனை பேர் ஊறுகாய் மூடியால் ஏமாறுகிறோம் என்று தோன்றுகிறது.

*

ரஷ்யாவில் லெவ் வைகாட்ஸ்கி பயன்படுத்திய மரக்கட்டைகள் இருபத்திரண்டு. ஐந்து நிறம், ஆறு உருவம், இரண்டு உயரம், இரண்டு அகலம். ஒவ்வொன்றின் அடியிலும் பொருளில்லாத ஒரு சொல். எந்தச் சொல்லுக்கு எந்தக் கட்டைகள் என்று கண்டுபிடிக்க வேண்டும். நிறமும் உருவமும் கண்ணை இழுக்கும், விதி இருப்பதோ உயரத்திலும் அகலத்திலும். 1934-ல் அவர் இறந்த வருஷம் வெளிவந்த 'சிந்தனையும் மொழியும்' நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சிறு பிள்ளைகள் முதலில் கண்டபடி குவிக்கிறார்கள். அப்புறம் ஒரு சங்கிலி வருகிறது. சிவப்பு வட்டத்தோடு சிவப்புச் சதுரம் (சிவப்பு என்பதால்), அதோடு நீலச் சதுரம் (சதுரம் என்பதால்), அதோடு நீல முக்கோணம். முதலுக்கும் கடைசிக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது.

நமக்கு இது புதிதில்லை. அந்தாதி. முந்தியது எங்கே முடிந்ததோ அங்கிருந்து அடுத்தது.

பேத்தி ஜன்னல் திட்டில் வைத்த வரிசை: சிவப்பு மூடி, சிவப்புப் பொத்தான், வெள்ளைப் பொத்தான், வெள்ளைக் கூழாங்கல், கறுப்புக் கூழாங்கல், புளியங்கொட்டை. ஒரு வருஷத்துக்கு முன்பு என்றால் 'என்ன கண்றாவி, ஒழுங்கா வை' என்றிருப்பேன். இப்போது ஒவ்வொரு கண்ணியிலும் அவள் ஒரு விதியைக் கண்டுபிடித்ததும் அடுத்ததில் அதை விட்டுவிட்டதும் தெரிகிறது. ஒரே விதியைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் இனி வர வேண்டியது.

*

பிடித்த விதியை விடவும் தெரிய வேண்டும். இது அடுத்த சிக்கல்.

கனடாவில் பிலிப் ஸெலாஸோ குழுவினர் சீட்டுகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முயல் படம், படகுப் படம், இரண்டு நிறத்தில். முதலில் நிறத்தை வைத்துப் பிரி. மூன்று வயது அழகாகச் செய்கிறது. இப்போது ஆட்டம் மாறுகிறது, உருவத்தை வைத்துப் பிரி. பிள்ளை நிறத்தையே பிடித்துக்கொண்டு பிரிக்கிறது. 'முயல் எங்கே போகணும்?' என்று கேட்டால் சரியான தட்டைக் கைகாட்டுகிறது. சீட்டைக் கையில் கொடுத்தவுடன் பழையபடி போடுகிறது. விதி தெரியும், கை கேட்காது. ஐந்து வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது வந்துவிடுகிறது.

ஒரே மூடி சிவப்பும்தான், பெரியதும்தான். ஒரே பொருளை இரண்டு கண்ணோடு பார்ப்பது. கூட்டல் கணக்கு வரிசையாகச் செய்து வந்த பிள்ளை, நடுவே கழித்தல் குறி வந்ததும் அதையும் கூட்டிவைக்குமே, அதுவும் இந்த வியாதிதான். அதற்கு நான் சிவப்பு மையில் 'கவனம்!' என்று எழுதுவேன்.

வீட்டில் இதை விளையாட்டாக்கினோம். சொடக்குப் போட்டால் ஆட்டம் மாறும். ஐப்பசியில் தொடங்கியபோது பேத்தி ஒவ்வொரு தடவையும் தோற்றுக் கோபித்துக்கொண்டு போனாள். தைப்பொங்கல் வாக்கில் அவள் சொடக்குப் போட ஆரம்பித்தாள், நான் தோற்றேன்.

*

'பொருந்தாததை வட்டமிடுக.' வாழைப்பழம், மாம்பழம், ஆரஞ்சு, கத்தரிக்காய்.

பல வருஷத்துக்கு முந்தைய ஒரு பரீட்சைத் தாள். கடைசி பெஞ்சுப் பையன் ஆரஞ்சுக்கு வட்டம் போட்டிருந்தான். தப்புப் போட்டேன். மதியம் சோற்றுத் தட்டோடு அருகில் வந்து நின்றான். "அதுதான் டீச்சர் பொருந்தாது. மத்ததெல்லாம் சும்மா கெடைக்கும். ஆரஞ்சு காய்ச்சல் வந்தாத்தான் வாங்குவாங்க."

மார்க்கை மாற்றவில்லை நான். அது இன்னும் உறுத்துகிறது. அவன் வகுத்த விதம் என்னுடையதைவிட நுட்பமானது. ஆரஞ்சு அவன் வீட்டில் ஆஸ்பத்திரிச் சாமான். நான் 'பழம்' என்ற ஒரே பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

சோவியத் உளவியலாளர் அலெக்ஸாண்டர் லூரியா 1931-லும் 1932-லும் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போனார். சுத்தியல், ரம்பம், கோடரி, மரத்துண்டு: எது சேராது? பள்ளிக்கூடம் பார்க்காத விவசாயிகள் எல்லாமே வேண்டும் என்றார்கள், மரம் இல்லாமல் ரம்பத்துக்கு என்ன வேலை? வேறொருவர் மரத்துண்டை விலக்கினார் என்று சொல்லிப் பார்த்தபோது, அவரிடம் விறகு நிறைய இருக்கும்போல என்று பதில் வந்தது. லூரியா இதைச் சிந்தனை வளர்ச்சியின் ஒரு கட்டமாகக் கண்டார். எனக்கு அந்த விவசாயியின் பக்கம்தான் மனசு சாய்கிறது. பேத்தி தேங்காயைத் துருவியோடு வைக்கிறாள், மாம்பழத்தோடு வைப்பதில்லை. 'ஏன் வச்சே?' என்று கேட்காமல் அதைத் தப்பு என்று சொல்ல யாருக்கு உரிமை?

ஆனால் இதையும் எழுதிவைக்க வேண்டும்: 'ஏன்' என்று கேட்டுவிட்டு, 'வேற மாதிரியும் வைக்கலாமா?' என்று அடுத்ததைக் கேட்காமல் போனால் கணக்குப் பக்கம் பிள்ளை நகராது. தேங்காய் துருவியோடும் போகும், உருண்டையானவற்றோடும் போகும். அந்த இரண்டாவது கேள்வி என் வேலை.

*

தேங்காய் என்றதும் நினைவு வருகிறது. தொல்காப்பிய மரபியலில் புல் எது, மரம் எது என்று ஒரு பிரிவினை உண்டு. வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம். அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் மூங்கிலும் புல். உயரத்தைப் பார்த்து மயங்காமல் வெட்டிப் பார்த்து வகுத்திருக்கிறார்கள். இன்றைய தாவரவியலும் தென்னை, பனை, புல் மூன்றையும் ஒருவித்திலைத் தாவரங்களில்தான் வைக்கிறது. அதே இயலில் உயிர்களை ஓரறிவு தொடங்கி ஆறறிவு வரை அடுக்கியிருப்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதைவிட இந்தத் தென்னைமரம்தான் (தென்னம்புல் என்று எழுதவேண்டுமோ) பிடித்திருக்கிறது.

*

கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தார். போர் வந்ததால் 1946 வரை இந்தியாவில் தங்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் இருந்தார். அவருடைய இளஞ்சிவப்புக் கோபுரம் பத்து கனசதுரங்கள், ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை. நிறம் ஒன்றே, உருவம் ஒன்றே. அளவு மட்டும் மாறுகிறது. ஒரே குணத்தைத் தனியே எடுத்துப் பிள்ளை கையில் கொடுக்கிறார். வகுப்பது ஒரு திறமை என்றால், வகுத்ததை ஏறுவரிசையில் அடுக்குவது அதன் தங்கை.

அந்தக் கோபுரத்தின் விலையைக் கேட்டேன். பரணில் ஏறி மாமியார் காலத்துப் பித்தளை அளவுகளை இறக்கினேன். ஆழாக்கு, உழக்கு, உரி, படி. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு. ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். மணலை அள்ளி ஊற்றினால் ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு என்று கையே சொல்லும். புளி போட்டு விளக்கத்தான் முதுகு வலித்தது.

*

சணல் கயிற்றால் தரையில் இரண்டு வளையம். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் பெரியது. சிவப்பாகவும் பெரியதாகவும் இருக்கிற ஊறுகாய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தாள். ஒன்றில் வைத்தாள், எடுத்தாள், மற்றதில் வைத்தாள், எடுத்தாள். "ஆச்சி, ரெண்டா ஒடச்சிரவா?" பிறகு ஒரு கயிற்றை இழுத்து மற்றதன் மேல் ஏற்றினாள். ஜான் வென் 1880-ல் வரைந்த வட்டங்கள் எங்கள் வீட்டு முற்றத்தில்.

வளையத்துக்கு வெளியே கிடந்த சின்ன நீல மூடிகளை "இது வேற" என்றாள். அந்த 'வேற' என்ற குவியலைச் சாதாரணமாக விடக்கூடாது. 'சிவப்பு இல்லாதது' என்று இல்லாததை வைத்து வகுக்க ஆரம்பித்துவிட்டாள். அது பெரிய தாவல்.

*

பிள்ளைகளையே பிரிக்கிற விளையாட்டு ஒன்று பயிற்சிப் புத்தகங்களில் வரும். சட்டை நிறம், ரிப்பன் உண்டு இல்லை. நானும் நடத்தியிருக்கிறேன். ஒரு நாள் யோசிக்காமல் 'செருப்புப் போட்டவங்க இந்தப் பக்கம்' என்றுவிட்டேன். மறுபக்கம் நின்ற ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் ஆட்களைப் பிரிப்பதில்லை. பொருள் போதும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாக்கினார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் நிலையில் பாடம் என்ற எண்ணம் நல்லதுதான், பெயரும் அழகுதான். ஆனால் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் அரும்பு என்றால் என்ன என்று சொல்லிவிடும்.

*

நேற்று சாயங்காலம் கூப்பிட்டாள். பாயில் இரண்டு குவியல். "நான் எப்படிப் பிரிச்சிருக்கேன், கண்டுபிடி."

இந்த ஆட்டத்தை நான்தான் பழக்கினேன், முறை மாற்றி. உட்கார்ந்தேன். முதல் குவியலில் ஒன்பது: கிழிந்த ரிப்பன், சாக்பீஸ் துண்டு, மூன்று மூடி, சாவி ஒன்று, மயிலிறகு, கூழாங்கல், என் பழைய கண்ணாடிக் கூடு. இரண்டாவதில் இரண்டே இரண்டு: ஒரு பிஸ்கட், ஒரு புளியங்கொட்டை.

"தின்றது, தின்னாதது?"

"இல்ல. கொட்டைய யாரு திம்பா?"

"வீட்டுக்குள்ள உள்ளது, வெளிய உள்ளது?"

"இல்ல."

நிறம், சத்தம், கனம், புதுசு பழசு எல்லாம் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். தோற்றுவிட்டேன் என்றேன்.

ஒன்பதைக் காட்டி, "இது யார் கேட்டாலும் தரமாட்டேன்." இரண்டைக் காட்டி, "இது ஆச்சி கேட்டா தருவேன்."

"எத்தனை தருவே?"

"ரெண்டு" என்றவள், பிஸ்கட்டை எடுத்து ஒரு கடி கடித்துவிட்டு மறுபடி அதே குவியலில் வைத்தாள்.